மாடியில் ஏறிக்கொண்டால் போதாதா?

பிறகு வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். நீங்கள் ஃபுளோரிடாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், டாம்பா வளைகுடாவிலிருந்து ஒரு மைலுக்குள் இரண்டு தளம் கொண்ட டவுன்ஹவுஸில் (பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டிய வீடு) வாடகைக்கு இருக்கிறீர்கள். கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வரைபடத்தில் அது ஏ மண்டலம், அதாவது புயலுக்கு முதலில் வெளியேறச் சொல்லும் பகுதி. நான்கு வயதில் ஒரு குழந்தை. பேராவூரணியிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்கப்போகிறார்கள். வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தால் கிளம்பிவிடலாம் என்பது உங்கள் எண்ணம். "கஜாவையே வீட்டுக்குள்ள உக்காந்து பாத்தவன் நான். கான்கிரீட் வீடு, தண்ணி வந்தா மாடிக்கு ஏறிக்கிட்டாப் போச்சு" என்கிறார் அப்பா. புயலுக்கு என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்டு முடித்திருக்கிறீர்கள். பட்டியல் ஜூன் மாதம் பிறந்தால் எந்த சூப்பர்மார்க்கெட் வாசலிலும் இலவசமாகக் கிடைக்கும். அப்பா சொல்வது சரியா, சரியில்லை என்றால் அதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் படித்தது சிவில். 2003இலிருந்து டாம்பா வளைகுடாவைச் சுற்றித்தான் குடித்தனம். புயல் கடந்த பிறகு வீடு வீடாகப் போய் எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. ஆகவே காற்று ஒரு வீட்டை என்ன செய்யும், தண்ணீர் என்ன செய்யும் என்று நான் சொல்வதை நம்பலாம். புயல் எந்தப் பக்கம் போகும் என்பது என் துறை இல்லை. மியாமியில் இருக்கும் தேசிய சூறாவளி மையத்தின் அறிக்கைகளை ஒழுங்காகப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். உங்கள் வீட்டை நான் பார்த்ததும் இல்லை. அதனால் 'உங்கள் வீடு தாங்கும்' என்றோ 'தாங்காது' என்றோ இங்கே சொல்ல மாட்டேன்.

அப்பா சொல்வதில் பாதி சரி. காற்றைப் பொறுத்தவரை கான்கிரீட் பிளாக் சுவர் நல்ல துணை. ஆனால் அந்தப் பாதியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியபோது காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். எனக்கும் பட்டுக்கோட்டைப் பக்கம்தான். எங்கள் தோப்பில் மறுநாள் காலை நின்ற தென்னைகளை விரல் விட்டு எண்ணலாம் என்று தம்பி போனில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அவ்வளவு நாசம் செய்த அந்தக் காற்று, இங்குள்ள ஐந்து படி அளவுகோலில் முதல் படியின் வாசலில்தான் நிற்கும். 2022 செப்டம்பர் 28 அன்று ஃபோர்ட் மையர்ஸ் அருகே கரையேறிய இயன் புயலின் காற்று மணிக்கு 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர். இந்திய வானிலைத் துறை மூன்று நிமிடச் சராசரியைச் சொல்கிறது, அமெரிக்கர்கள் ஒரு நிமிடச் சராசரியைச் சொல்கிறார்கள். அதனால் இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது, இங்குள்ள எண் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். அதைக் கழித்தாலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. காற்று சுவரில் கொடுக்கும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. கஜாவைத் தாங்கிய வீடு நான்கு கஜாவைத் தாங்குமா என்று கேட்டுப் பாருங்கள், அப்பா கொஞ்சம் யோசிப்பார்.

தாங்கும் வீடுகள் இங்கே உண்டு. 1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ புயல் ஹோம்ஸ்டெட் பக்கம் குடியிருப்புகளை வரிசையாகச் சப்பையாக்கியது. கூரைப் பலகையில் ஆணியே சரியாக அடிக்காமல் கட்டியிருந்தார்கள் என்பது அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டடச் சட்டம் 2002 மார்ச்சில் அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு கட்டிய வீடுகளும் அதற்கு முந்தியவையும் ஒரே தெருவில் நின்று எப்படி வேறு வேறாக அடிவாங்குகின்றன என்பதை நானே பல முறை பார்த்திருக்கிறேன். ஆகவே முதலில் உங்கள் டவுன்ஹவுஸ் எந்த ஆண்டு கட்டியது என்று கேளுங்கள். ஜன்னல்கள் தாக்குதல் தாங்கும் கண்ணாடியா, அல்லது இழுத்து மூடும் ஷட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் எட்டில் ஐந்து அங்குலம் தடிமனான பிளைவுட்டை முன்கூட்டியே அளந்து வெட்டி வைப்பது வீட்டுக்காரரின் பொறுப்பா உங்களுடையதா என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். கண்ணாடியில் குறுக்கே டேப் ஒட்டுவது வீண் வேலை. உடைந்தால் சின்னச் சில்லுக்குப் பதில் பெரிய சில்லாக விழும், அவ்வளவுதான் லாபம். 'அழுத்தம் சமமாகட்டும்' என்று ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பது அதைவிட மோசம். காற்று உள்ளே புகுந்துவிட்டால் கூரையை உள்ளிருந்தே மேலே தள்ளும். கூரை போன வீடுகளில் நான் முதலில் பார்ப்பது கராஜ் கதவைத்தான். அகலமான, மெலிந்த தகடு அது. அது உள்ளே மடங்கினால் அடுத்த சில நிமிடங்களில் கூரையின் ஓரம் தூக்கிக்கொள்ளும். மக்கள் ஜன்னலுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு இருபது வருடப் பழைய கராஜ் கதவை அப்படியே விட்டு வைப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

இதுவரை காற்று. உங்கள் மண்டலத்தின் எழுத்து காற்றுக்காகப் போட்டதே இல்லை. அது முழுக்க முழுக்கக் கடலுக்காக. அப்பா பேராவூரணியில் பார்த்தது காற்றும் மழையும். ஊருக்கும் கடலுக்கும் நடுவே பல கிலோமீட்டர் நிலம் இருந்தது. கஜாவன்று கடல் சேற்றோடு உள்ளே வந்ததைப் பார்த்தவர்கள் வேதாரண்யம் கரைக்காரர்கள். அதையும் விட்டுவிடுங்கள், தனுஷ்கோடியைக் கேளுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து வந்த ரயிலைப் பயணிகளோடு சேர்த்து எடுத்துக்கொண்டது காற்று இல்லை, கடல். அந்தத் தலைமுறை ஆளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. புயல் காற்று கடல் நீரைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். கடல் ஆழமாக இருந்தால் அந்த நீர் அடியில் திரும்பிப் போய்விடும். ஆழம் குறைவான நீண்ட மேடையாக இருந்தால் போக இடமில்லாமல் கரையில் ஏறும். பாக் நீரிணை அப்படித்தான், ஃபுளோரிடாவின் மேற்குக் கரையும் அப்படித்தான். இங்கே கரையிலிருந்து வெகுதூரம் வரை கடல் ஒரு பெரிய தாம்பாளம். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். அது மரக்கட்டைகளையும் படகுகளையும் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜையும் சேர்த்துக்கொண்டு வரும்.

இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். புயலின் படி எண் காற்றை மட்டுமே சொல்லும், கடல் எவ்வளவு ஏறும் என்பதைச் சொல்லாது. 2008இல் டெக்சாஸ் கரையில் ஏறிய ஐக் இரண்டாம் படிப் புயல்தான். ஆனால் ஆள் பெரிது. பொலிவர் தீபகற்பத்தில் வீடுகளின் அடித்தளத் தூண்கள் மட்டும் நின்றன. இந்த ஊருக்கே வருவோம். 2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் எங்களைத் தாண்டி வடக்கே போய்ப் பெர்ரி என்ற சிற்றூருக்கு அருகில் கரையேறியது. அதன் மையம் எங்களிடமிருந்து 100 மைலுக்கு மேல் தள்ளிக் கடலிலேயே சென்றது. காற்று கூரையைப் பிய்க்கும் அளவுக்கு இல்லை. பலர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நள்ளிரவை ஒட்டி வளைகுடா 6 அடிக்கு மேல் ஏறி, இங்கே அளவு எடுக்கத் தொடங்கிய பிறகு பார்க்காத உயரத்தைத் தொட்டது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இருக்கும் பினெல்லாஸ் கவுண்டியில் மட்டும் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலோர் தண்ணீரில். அவர்களில் பலர் வெளியேறச் சொன்ன மண்டலத்தில் இருந்தவர்கள். அடுத்த வாரம் நான் நுழைந்த வீடுகளில் சுவரில் நெஞ்சு உயரத்தில் ஒரு கோடு. அதற்கு மேலே மாட்டியிருந்த கல்யாணப் படத்தில் ஒரு துளி நீர் படவில்லை.

அப்படியானால் இங்கே பல ஆண்டுகளாக இருப்பவர்கள் ஏன் கிளம்புவதில்லை? அவர்கள் முட்டாள்கள் இல்லை. பழைய அனுபவம் அவர்களுக்குத் தவறான பாடம் சொல்லித் தந்திருக்கிறது. வட அரைக்கோளத்தில் புயல் இடப்பக்கமாகச் சுழலும். நம் ஊர்க் கரை கிழக்கு பார்த்தது; புயலின் கண்ணுக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் காற்று கடலிலிருந்து வரும், தெற்கே இருப்பவர்களுக்கு நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும். இங்கே கரை மேற்கு பார்த்தது, எல்லாம் தலைகீழ். கண் எங்களுக்குத் தெற்கே கரையேறினால் காற்று வளைகுடாவின் நீரைக் கடலுக்குள் வழித்தெடுத்துப் போய்விடும். 2017இல் இர்மாவின்போதும் 2022இல் இயனின்போதும் அதுதான் நடந்தது. ஜனங்கள் வற்றிய வளைகுடாவின் தரையில் நடந்து செல்ஃபி எடுத்தார்கள் (தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், தண்ணீர் திரும்பி வரும்). 2024 அக்டோபர் 9 அன்று வந்த மில்டனுக்கு டாம்பா வளைகுடாவில் 10 முதல் 15 அடி வரை ஏறலாம் என்று எச்சரித்தார்கள். அது கடைசியில் தெற்கே சியெஸ்டா கீயில் ஏறியது, எங்கள் நீர் மறுபடி இறங்கியது. கடல் வரவில்லை என்றாலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 18 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது, பேஸ்பால் மைதானத்தின் கூரைத் துணி கிழிந்து பறந்தது. 'மூன்று முறை பயமுறுத்தினார்கள், ஒன்றும் வரவில்லை' என்பது தெருவின் கணக்கு. கண் முப்பது நாற்பது மைல் வடக்கே தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது என் கணக்கு. 1921இல், இங்கே அளவு எடுக்கத் தொடங்குவதற்கு முன்பு, ஒரு புயல் வடக்கே டார்பன் ஸ்பிரிங்ஸில் ஏறியபோது வளைகுடா 10 அடிக்கு மேல் எழுந்தது. அப்போது இங்கே இருந்தவர்கள் சொற்பம்.

முப்பது நாற்பது மைல் தள்ளுவதை முன்கூட்டியே சொல்ல முடியாதா என்று கேட்பீர்கள். முன்பைவிட நன்றாகச் சொல்கிறார்கள், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. புயலின் மையம் போகக்கூடிய வழியை டிவியில் காட்டும் கூம்புப் படத்தின் பொருள், மையம் மூன்றில் இரண்டு முறை அதற்குள் இருக்கும் என்பதுதான். மூன்றாவது முறை வெளியே போகும். பாதிப்பு கூம்புக்குள் மட்டும் இருக்கும் என்று அது சொல்லவே இல்லை. 2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி நேராக டாம்பாவுக்கு வருவதாகப் படத்தின் நடுக்கோடு காட்டியது. அப்போது எனக்கு ஊர் புதிது. கோட்டைப் பார்த்தேன், மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆர்லாண்டோவில் ஹோட்டலுக்குப் போய்விட்டேன். சார்லி சில மணி நேரத்தில் இரண்டாம் படியிலிருந்து நான்காம் படிக்கு ஏறி, முன்பே வலப்பக்கம் திரும்பி, பன்டா கோர்டாவை நொறுக்கிவிட்டு எங்கே போனது தெரியுமா? ஆர்லாண்டோவுக்கு. ஹோட்டல் குளியலறையில் இரவைக் கழித்துவிட்டு மறுநாள் வீட்டுக்கு வந்தால் என் வாசல் துளசிகூடச் சாயவில்லை. பன்டா கோர்டாக்காரர்கள் கூம்புக்குள்தான் இருந்தார்கள். கோட்டை மட்டும் பார்த்துவிட்டுத் தங்களுக்கு இல்லை என்று இருந்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான் கோட்டைப் பார்ப்பதில்லை. கடல் ஏற்றத்துக்கென்று தனியாக 2017 முதல் ஓர் எச்சரிக்கை வருகிறது, அதை மட்டும் பார்க்கிறேன். 'தரைக்கு மேல் இத்தனை அடி' என்று சொல்வார்கள். வழக்கமாகக் காய்ந்து கிடக்கும் தரையிலிருந்து அளந்தது அது. கடல் மட்டத்திலிருந்து என்று நினைத்துக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது மாடிக்கு வருகிறேன். இதுதான் உறுதியாகச் சொல்ல முடியாத இடம். ஹெலீன் இரவில் மாடியில் ஏறி நின்று உயிரோடு இருந்தவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். 6 அடி நீர் வந்தால் நல்ல பிளாக் வீட்டின் மேல்தளம் நனையாது. அதை மறைத்துப் பேசினால் அப்பா என்னை நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. ஆனால் 12 அடி வந்தால் உங்கள் மேல்தளத்தின் தரை மட்டத்தைத் தாண்டிவிடும். அதற்கு மேலே ஏறக் கூரைக்கு வழி கிடையாது, நம் ஊர் மொட்டை மாடி இங்கே இல்லை. அதைவிட எனக்குப் பயம் தீ. உப்புநீர் மின்பெட்டியிலும் மின்சார கார் பேட்டரியிலும் புகுந்தால் வெள்ளத்துக்கு நடுவிலேயே வீடு பற்றும். டவுன்ஹவுஸ் என்றால் பக்கத்து வீட்டுக் கராஜில் நிற்கும் காரும் உங்கள் பிரச்சினைதான். காற்று மணிக்கு 40, 45 மைலைத் தாண்டினால் தீயணைப்பு வண்டியோ ஆம்புலன்ஸோ கிளம்பாது. போனில் பதில் வரும், ஆள் வர மாட்டார்கள். கீழே கழிவுநீர் பின்னோக்கி ஏறும், மின்சாரம் போகும். அதில் நான்கு வயதுக் குழந்தையும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் இருவரும். தனியாளாக, முப்பது வயதில், நீச்சல் தெரிந்தவராக நீங்கள் கேட்டிருந்தால்கூட 'போங்கள்' என்றுதான் சொல்லியிருப்பேன். உங்கள் குடும்பத்துக்கு யோசிக்கவே தேவையில்லை. ஏ மண்டலத்துக்கு உத்தரவு வந்தால் கிளம்புங்கள்.

எங்கே போவது? இங்கே நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு, புயல் என்றதும் அட்லாண்டாவுக்குக் காரை விடுவது. இர்மாவின்போது ஃபுளோரிடாவில் 60 லட்சத்துக்கு மேற்பட்டோரை வெளியேறச் சொன்னார்கள். சொல்லாதவர்களும் சேர்ந்து கிளம்பினார்கள். ஐ-75 சாலை அசையவில்லை, பெட்ரோல் கிடைக்கவில்லை. 2005இல் ரீட்டாவுக்குப் பயந்து ஹியூஸ்டனிலிருந்து ஓடியபோது சாலையிலேயே நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வெயில், விபத்து, முதியோரை ஏற்றிச் சென்ற ஒரு பஸ் எரிந்ததில் 23 பேர். கடலிடமிருந்துதான் தப்ப வேண்டும். காற்றிடமிருந்து மறைந்துகொண்டால் போதும். அதற்கு இருபது முப்பது மைல் உள்ளே, எந்த எழுத்து மண்டலத்திலும் சேராத, 2002க்குப் பிறகு கட்டிய வீடு ஒன்று இருந்தால் போதும். நியூ டாம்பா, வெஸ்லி சேப்பல் பக்கம் நம் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. கொலுவுக்கும் பொங்கலுக்கும் போய்வருகிற வீடு ஒன்றாவது உங்களுக்கு இருக்கும். அவர்கள் முகவரியைக் கவுண்டி தளத்தில் போட்டுப் பாருங்கள், மண்டலம் இல்லை என்று வந்தால் இப்போதே, வெயில் காலத்திலேயே, வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். "புயல் வந்தா நாங்க அஞ்சு பேரும் உங்க வீட்டுக்குத்தான்" என்று சொல்ல நம் ஆட்களுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தால்தான் பலர் கடைசி நேரத்தில் முடிவெடுக்க முடியாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். யாரும் இல்லையென்றால் கவுண்டி திறக்கும் பள்ளிக்கூட முகாம் இருக்கிறது. வசதி எதிர்பார்க்காதீர்கள், பாய் தலையணை நாம்தான் கொண்டுபோக வேண்டும், உயிருக்கு நல்லது.

மண்டலத்தில் ஒரு குழப்பம் எப்போதும் வரும். வெளியேறும் மண்டலம் வேறு, காப்பீட்டுக்கான வெள்ள மண்டலம் வேறு. இரண்டுக்கும் தனித்தனி வரைபடம், இரண்டிலும் ஏ என்ற எழுத்து வரும், பொருள் மட்டும் வேறு. கிளம்புவதா என்று முடிவு செய்யக் கவுண்டியின் வெளியேறும் வரைபடத்தை மட்டும் பாருங்கள். காப்பீடு என்றதும் ஒன்று: வாடகைக்காரர் காப்பீடும் வீட்டுக் காப்பீடும் வெள்ளத்துக்குக் காசு தராது. உங்கள் பொருள்களுக்கு மட்டும் தனி வெள்ளக் காப்பீடு வாங்கலாம், அரசுத் திட்டத்தில் ஒரு லட்சம் டாலர் வரை. கையெழுத்திட்டு 30 நாள் கழித்துத்தான் அது உயிர்பெறும். புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் வந்த பிறகு போன் செய்பவர்களைப் பார்த்து நான் ஒவ்வோர் ஆண்டும் பரிதாபப்படுகிறேன்.

சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பர் பத்தாம் தேதி வாக்கில். பலத்த காற்று வருவதற்குச் சுமார் 48 மணி நேரம் முன்னால் 'வாட்ச்', 36 மணி நேரம் முன்னால் 'வார்னிங்' வரும். உங்களைப் போலப் பாலம் தாண்டிப் போக வேண்டியவர்கள் உத்தரவு வந்த அன்றே பகல் வெளிச்சத்தில் கிளம்பிவிட வேண்டும். காற்று 40 மைலை நெருங்கினால் வளைகுடாப் பாலங்களை மூடிவிடுவார்கள். அதன் பிறகு பினெல்லாஸ் கிட்டத்தட்ட ஒரு தீவு. அப்பா அம்மாவின் மாத்திரைகளை ஊரிலிருந்து வரும்போதே ஒரு மாதத்துக்குக் கூடுதலாக, மருத்துவர் சீட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள். இங்கே காப்பீடு உள்ளவர்களுக்கு அவசரநிலை அறிவித்ததும் மருந்தை முன்கூட்டியே வாங்க மாநிலச் சட்டம் இடம் தருகிறது, விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்கு அது நடைமுறையில் கைகொடுக்காது. பாஸ்போர்ட்டுகள், குழந்தையின் பிறப்புச் சான்று, கொஞ்சம் ரொக்கம் எல்லாம் ஒரே பையில். வீட்டை அறை அறையாகப் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள், அலமாரிக் கதவைத் திறந்து காட்டி. குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர் என்று ஒரு வாரத்துக்கு. அம்மா நிச்சயம் புளிச்சாதம், சப்பாத்தி என்று கட்டிக்கொண்டு வருவார், அந்த விஷயத்தில் நான் ஆலோசனை சொல்லத் தேவையில்லை. மின்சார கார் இருந்தால் அதிலேயே போங்கள், கராஜில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

நண்பர் வீட்டில் அந்த இரவு எப்படி இருக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லி வையுங்கள். ஜன்னல் இல்லாத உள்ளறை, பெரும்பாலும் குளியலறை அல்லது மாடிப்படிக்குக் கீழுள்ள அறை. அங்கே மெத்தையைப் போட்டுக் குழந்தையைப் படுக்கவையுங்கள். போனில் டொர்னேடோ எச்சரிக்கை அலறினால் எல்லாரும் அதற்குள். மில்டன் மேற்குக் கரையில் ஏறுவதற்கு முன்பே, மாநிலத்தின் மறுபக்கம் செயின்ட் லூசி கவுண்டியில் அதன் சுழற்காற்று ஆறு பேரைக் கொன்றது. அவர்கள் யாரும் புயலின் பாதையில் இல்லை. கண் நேராக மேலே வந்தால் காற்று சட்டென்று நின்று வானம் தெளியும். 'முடிந்தது' என்று வெளியே போகக் கூடாது, எதிர்த் திசையிலிருந்து மறுபாதி வரும். அப்பாவின் நண்பர்களில் கடல்காரர்கள் யாராவது இருந்தால் இதை அவர்களே சொல்வார்கள்.

புயலுக்கு அடுத்த வாரத்தைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். 2020இல் லூசியானாவில் லாரா புயலுக்கு வெளியேறிய கரை மக்கள் கடலிடமிருந்து தப்பினார்கள். பிறகு ஜெனரேட்டர் புகையில் இறந்தவர்கள் கடல் ஏற்றத்தில் இறந்தவர்களைவிட அதிகம். கராஜ் கதவைத் திறந்து வைத்து உள்ளே ஜெனரேட்டரை ஓட்டினாலும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயு வீட்டுக்குள் வரும். அதற்கு மணமே கிடையாது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, ஜன்னலுக்கு நேராக இல்லாமல் வைக்கச் சொல்லுங்கள். இர்மாவுக்குப் பிறகு ஃபுளோரிடாவிலேயே ஹாலிவுட் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏசி நின்றுபோய், சூட்டினால் 12 பேர் இறந்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கமே மருத்துவமனை இருந்தது. 'நம்ம ஊர் வெயில்ல வளர்ந்தவங்க' என்று அப்பா அம்மாவைப் பற்றி நினைத்துக்கொள்ளாதீர்கள். காற்றே நுழையாமல் கட்டிய இந்த ஊர்ப் பெட்டி வீட்டில் செப்டம்பர் புழுக்கம் வேறு ரகம். மின்சாரம் இல்லாமல் இரண்டு நாளானால் அவர்களை மட்டுமாவது மின்சாரம் உள்ள இடத்துக்கு நகர்த்துங்கள். தேங்கிய நீரில் புண்ணுள்ள காலோடு நடக்க வேண்டாம், இயனுக்குப் பிறகு கடல்நீர்க் கிருமித் தொற்றில் உயிர்கள் போயின. ஃபிரிட்ஜில் நாலு மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் இருந்த பால், கறி எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள்.

அப்பாவிடம் பேசும்போது படி எண், கூம்பு எதையும் எடுக்காதீர்கள். பேராவூரணிக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம் என்று மட்டும் கேளுங்கள். பிறகு மாலையில் நடக்கக் கூட்டிப்போய், உங்கள் வாசலிலிருந்து வளைகுடா நீர் எவ்வளவு தாழ்வில் இருக்கிறது என்று அவரையே கண்ணால் அளக்கச் சொல்லுங்கள். வயல்காரர் என்றால் மடைக்கும் வரப்புக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவார், நான் கருவி வைத்து அளப்பதைவிடச் சீக்கிரமாக.

மாடி பற்றி நான் சொன்னதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. 'தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன' என்பார்கள். தலைக்குக் கீழே சாணும் முழமும்தான் எல்லாம். வீட்டுக்காரரிடமோ நகராட்சியிலோ உங்கள் கட்டடத்தின் உயரச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதில் கீழ்த்தளத் தரை எத்தனை அடி உயரத்தில் என்று அரை அடிக்குள் துல்லியமாக இருக்கும். ஹெலீனில் அந்தத் தெருவில் நீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் விரல் வைத்துக் காட்டுவார். இரண்டு எண்ணையும் இங்கே எழுதுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.